மார்கழியில் ஒரு கெட்டிமேளம்

எனக்குச் சத்தம் வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேச ஆள் இல்லாவிட்டால் ரேடியோ, ரேடியோ இல்லாவிட்டால் டிவி, கரண்ட் போய்விட்டால் என் விரல்கள் தாமாகவே மேசையிலோ பஸ் ஜன்னல் கம்பியிலோ பக்கத்தில் இருப்பவர் முதுகிலோ தட்ட ஆரம்பித்துவிடும். "உன் கைக்கு ஒரு வெலங்கு வாங்கிப் போடணும்டி" என்று என் அண்ணன் சொல்வான். சோற்றுக் கரண்டியால் குண்டான் விளிம்பில் தாளம் போட்டு அம்மாவிடம் நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சம் இல்லை.

இப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையும் பொருத்தமானதுதான். கடலூரில் எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பவள் நான். பாட்டுக்கு வாசிப்பதுதான் வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பாட்டுக்கு யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வாசிப்பதுதான் கஷ்டம். காணிக்கைப் பை வரிசை வரிசையாக நகரும்போது, திருவிருந்துக்கு ஆட்கள் எழுந்து போய் முழங்கால் போடும்போது, போதகர் மூக்குக் கண்ணாடியைத் தேடும்போது, ஆராதனையில் ஓட்டை விழாமல் அடைப்பது என் பொறுப்பு. கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி முடிச்சுப் போடத் தடுமாறும்போது நான் இரண்டு கையாலும் வெளுத்து வாங்குவேன். ஓட்டை அடைப்பதில் என்னை மிஞ்ச கடலூரில் ஆள் இல்லை என்று எனக்குக் கர்வம்கூட இருந்தது.

அந்தக் கர்வத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாத ஓர் ஓட்டை என் வீட்டிலேயே இருந்தது. என் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை.

இது 2009-இல். செம்மண்டலத்தில் வாடகை வீடு. என் கணவர் குடிகாட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். அவர் நிதானமான மனிதர். பஸ் புறப்பட்டுவிட்டால்கூட ஓட மாட்டார், அடுத்த பஸ் வரும் என்பார். நான் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறுகிறவள். மகளை நாங்கள் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காது பரிசோதனை செய்தோம். காது நன்றாகக் கேட்டது. நாக்கிலும் கோளாறு இல்லை. "சில குழந்தைங்க லேட்டாத்தான் பேசும். பயப்படாதீங்க. வீட்ல நெறைய பேச்சு குடுங்க" என்றார் டாக்டரம்மா. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தேன். காலையில் அவள் கண் விழிப்பதிலிருந்து ராத்திரி கண் மூடுவது வரை என் வாய் மூடவில்லை. இது தக்காளி, இது தோசைக்கல், இது அப்பாவோட சட்டை, அதோ பாரு மாடு, மாடு எப்படிக் கத்தும், சொல்லு, ம்மா, சொல்லு, அம்மா சொல்லு. அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பிறகு எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். நான் குனிந்து, மேசைக்கு அடியிலும் பேசுவேன்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மாமியார் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து அவள் நாக்கில் தடவினார். குறிஞ்சிப்பாடியிலிருந்து அம்மா தினமும் போன் செய்து, "ஏதாச்சும் சொல்லுச்சா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "பொண்ணுங்க ஒரு வயசுலயே வாயாடுமே, இது ஏன் இப்டி இருக்குது?" என்று என் வாசலில் நின்றே கேட்டாள். அவளை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. ஒரு வார்த்தை போதும். அம்மா என்று வேண்டாம், ஆ என்று வாயைத் திறந்து ஏதாவது ஒன்று. அழும்போதுகூட அவள் சத்தம் இல்லாமல்தான் அழுவாள். ராத்திரியில் தூங்குகிறவளின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்ப்பேன். மூச்சு மட்டும் வரும்.

ஒன்றே ஒன்று. நான் கீபோர்டு வாசிக்க உட்கார்ந்தால் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். கீபோர்டின் ஸ்பீக்கர் இருக்கும் ஓரத்தில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள். அப்போது அவள் வாய் மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். பட்டன், கடுகு, சுவர்ச் சுண்ணாம்பு, எதையாவது வாயில் போட்டுக்கொள்கிற வயது. "என்னாடி தின்ற? துப்பு" என்று வாசிப்பை நிறுத்தி வாய்க்குள் விரலை விட்டுத் தேடுவேன். ஒன்றும் இருக்காது. முழுங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நவம்பர் மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறான். மாணவர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு அவ்வப்போது உலகப் படம் போட்டுக் காட்டுவது அவன் பைத்தியம். தலையைக்கூடத் துவட்டாமல், சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு டிவிடியை எடுத்தான்.

"ஊமைப் படம். நீதான் வாசிக்கிற" என்றான்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. என் கணவர் மகளைப் பார்த்தார். அண்ணனின் ஈரச் செருப்பை அவள் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. "மௌனப் படம்" என்று மெதுவாகத் திருத்தினான். எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. "காப்பி வேணுமா டீயா?" என்று கத்திக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

படத்தின் கதையை அவன் காப்பி குடித்துக்கொண்டே சொன்னான். ஏதோ ஒரு பனி தேசம். காட்டுக்கு நடுவில் ஒரு ரயில்வே கேட். கேட் கீப்பர் ஆரம்பத்திலேயே செத்துப்போகிறான். அந்தச் சின்ன வீட்டில் அவன் பெண்டாட்டியும் அவன் தங்கையும் மிஞ்சுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது. மழைக்கும் பனிக்கும் போக வேறு இடம் இரண்டு பேருக்கும் கிடையாது. அவ்வளவுதான் படம்.

"நாத்தனார் சண்டையா? இதுக்கு எதுக்குப் பனி தேசம் போவணும்? எங்க தெருவுலயே எடுக்கலாமே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அந்த இயக்குநரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவனுக்குக் கிண்டல் வராது. அவர் எடுத்தது இந்த ஒரே படம்தானாம். மௌனப் படங்களில் நடுநடுவே எழுத்து அட்டை வருமே, அவள் இப்படிச் சொன்னாள், இவள் அப்படிச் சொன்னாள் என்று, அது ஒன்றுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். நடிகைகள் பேசுவதுபோல் உதட்டை அசைக்கக்கூடத் தடை. முகம் சொல்லாததை உதடு சொல்லப் போவதில்லை என்பது அவர் கட்சி. படத்துக்குப் பணம் போட்டவர்கள் கேட்காமல் எழுத்தைச் செருகி வெளியிட்டுவிட்டார்கள். இவர் கோபித்துக்கொண்டு தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். எழுத்தில்லாத பிரதி ரொம்ப நாள் கழித்துக் கிடைத்து, இப்போது டிவிடியாக வந்திருக்கிறது. அந்தக் கதை முழுவதும் டிவிடியோடு வந்த குட்டிப் புத்தகத்தில் இருந்தது.

"சரி, நான் என்னா வாசிக்கணும்?"

"என்னா வேணா வாசி. ஆனா கடைசியில ஒரு சீன் இருக்கு. அதுல வாசிக்கக் கூடாது."

அந்தக் காட்சியில் மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறார்கள். பெண்டாட்டி அழுகிறாள். தங்கை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ரொம்ப நேரம் எதுவும் நடப்பதில்லை. கடைசியில் தங்கை தன் பக்கம் இருக்கும் விளக்கை மெல்ல அவள் பக்கம் நகர்த்துகிறாள். அந்த இடம் முழுவதும் தியேட்டரில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது என்பது இயக்குநரின் ஏற்பாடு. பியானோக்காரர் கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இது கோளாறு இல்லை, இப்படித்தான் என்று ஜனங்களுக்குத் தெரியும்.

"படத்துலயே முக்கியமான எடத்துல நான் கைய கட்டிக்கிட்டு ஒக்காரணும். அதுக்கு என்ன எதுக்குக் கூப்புடுற?"

"அதுக்குத்தான் கூப்புடுறேன்" என்றான். அதற்குமேல் விளக்கம் சொல்லாமல் என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு மழை பார்க்க வாசலுக்குப் போய்விட்டான்.

டிசம்பர் எனக்குத் தலைக்குமேல் வேலை. வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ், ஞாயிறுப் பள்ளி நாடகம், பாடகர் குழு ஒத்திகை, நடுவில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். கிடைத்த நேரத்தில் டிவியில் படத்தைப் போட்டு, கீபோர்டைத் தரையில் வைத்து வாசித்துப் பார்த்தேன். முதல் தடவை எனக்குத் தூக்கம் வந்தது. கதவு திறக்கிறது, மூடுகிறது. உருளைக்கிழங்கு. பனி. மறுபடி உருளைக்கிழங்கு. இந்த ஊரில் காயே கிடையாதா என்று கணவரிடம் கேட்டேன்.

ஆனால் வாசிக்கிறவள் படத்தை ரசிகனைவிட உற்றுப் பார்க்க வேண்டும். அடுத்து எப்போது கை மாற்றுவது என்று தெரிய வேண்டுமே. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்த இரண்டு பெண்களையும் அந்த இயக்குநர் படம் முழுக்க நடுவில் தடுப்பு இல்லாமல் சேர்த்துக் காட்டுவதே இல்லை. ஒரு கதவு நிலை, இல்லாவிட்டால் ஒரு தூண், இல்லாவிட்டால் இருட்டு. வீட்டில் ஒரே ஒரு விளக்கு. விளக்கு யார் பக்கம் இருக்கிறதோ வீடு அவளுடையது. மற்றவள் இருட்டில் குனிந்து வேலை செய்வாள். கடைசி மேசையில்தான் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைக்கிறார், அப்போதும் வெளிச்சம் ஒருத்தி மேல்தான். அதனால்தான் விளக்கு நகர்வது அவ்வளவு பெரிய விஷயமாகிவிடுகிறது. அவர் கெட்டிக்காரர் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்த இடத்தில் இசை வேண்டாம் என்று சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அங்கேதானே வேண்டும்!

அதனால் வீட்டில் திருட்டுத்தனமாக அந்தக் காட்சிக்கு ஒரு சின்ன மெட்டுப் போட்டேன். தாலாட்டுக்குக் கிட்டத்தில் வரும், ஏறி ஏறி இறங்கும் ஒரு மெட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல மெட்டு. அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மகள் வழக்கம்போல ஸ்பீக்கர் ஓரத்தில் கன்னத்தை வைத்து நின்றாள், வழக்கம்போல எதையோ மென்றாள், வழக்கம்போல நான் வாயைத் திறந்து பார்த்தேன்.

கரண்ட் போகும்போது டிவியும் கீபோர்டும் சேர்ந்து நின்றுவிடும். வீடு திடீரென்று காலியாகிவிட்டதாக எனக்குப் படும். உடனே பேச ஆரம்பிப்பேன். அவள் எழுந்து மேசைக்கு அடியில் போய்விடுவாள். "கொஞ்ச நேரம் கம்முனு இரேன்" என்று கணவர் ஒரு நாள் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "டாக்டர் பேசச் சொல்லிருக்காங்க. நீங்கதான் பேசறதில்ல, அதான் புள்ளயும் உங்கள மாதிரி வந்துருக்கு" என்று பாய்ந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

படம் போட அண்ணன் பிடித்த இடம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். கல்லூரி அரங்கில் ஜெனரேட்டர் இல்லை. கரண்ட் போனால் படம் படுத்துவிடும். மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டு. அது மார்கழி மாதம். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சும்மா கிடந்தது. மைக் செட்காரரும் சும்மா கிடந்தார். அவரையும் சேர்த்தே பேசி முடித்துவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சனிக்கிழமை மத்தியானம் கீபோர்டைத் துணி உறையில் கட்டித் தூக்கிக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினோம். அந்தத் தடத்துத் தனியார் பஸ்களில் பாட்டு எந்த அளவுக்கு அலறும் என்று போனவர்களுக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்கும். ஆலப்பாக்கம் தாண்டும்வரை மகளுக்கு ஜன்னலில் தெரிந்ததையெல்லாம் பேர் சொல்லிக்கொண்டே வந்தேன். பாட்டையும் மீறிச் சொல்ல வேண்டியிருந்ததால் தொண்டை கட்டிவிட்டது. அவள் அப்பா மடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்று இமை துடித்ததில் தெரிந்தது.

மண்டபத்தில் மணமேடை இருந்த இடத்தில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். முந்தின முகூர்த்தத்தில் ஒட்டிய ஜிகினா இன்னும் தூணில் தொங்கியது. திரைக்கு இடது பக்கம் என் கீபோர்டு. எனக்கு நாலு முழம் தள்ளி மைக் செட் மேசை. ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், பக்கத்தில் அதன் சொந்தக்காரர். நெற்றியில் விபூதி, காதில் பஞ்சு. என் கீபோர்டு ஒயரை அவர் பெட்டியில்தான் சொருக வேண்டும்.

"என்னாம்மா, மார்கழியில மண்டபத்தத் தொறந்துட்டீங்க. என் சர்வீஸ்ல இதான் மொத தடவ" என்றார்.

அண்ணன் அவரிடம் பாடம் எடுப்பதுபோல் சொன்னான்: "அண்ணே, படத்துல சத்தம் வராது. கடைசியில கொஞ்ச நேரம் கீபோர்டும் வராது. அது ரிப்பேர் இல்ல. நீங்க எதையும் தொட வேணாம்."

"நான் ஏன் சார் தொடப்போறேன்? நான்பாட்டுக்குக் கம்முனு ஒக்காந்துக்கினு படம் பாக்கறேன்."

மண்டபம் ஓரளவு நிறைந்துவிட்டது. மாணவர்கள், அண்ணனின் சகாக்கள், அவர்கள் குடும்பம், இலவசப் படம் என்று கேள்விப்பட்டு வந்த தெருக்காரர்கள். வாசலில் யாரோ பாப்கார்ன் விற்றதால் எல்லோர் கையிலும் ஒரு பொட்டலம். என் கணவர் மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். அண்ணன் மைக்கில் இயக்குநரைப் பற்றிச் சொன்னான், விளக்குக் காட்சியில் அமைதி இருக்கும் என்றும் சொன்னான். ஜனம் தலையாட்டியது. தலையாட்டும் ஜனத்தை நம்பக் கூடாது என்று எனக்கு ஆராதனையிலேயே தெரியும்.

படம் ஓடியது. நன்றாகத்தான் வாசித்தேன். கேட் கீப்பர் சாகும்போது யாரோ ச்சொச்சொ என்றார்கள். இரண்டு பெண்களும் தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போடும்போது பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. பனி தேசத்துக்காரிகளுக்கு நம் ஆட்கள் அதற்குள் உறவுமுறை கொடுத்துவிட்டார்கள். "அண்ணிக்காரி லேசுப்பட்டவ இல்ல" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மேசைக் காட்சி வந்தது. கையை எடுத்தேன். மடியில் வைத்தேன்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது? முதலில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. திரையில் பெண்டாட்டி அழ ஆரம்பித்தாள். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு இருமல். அப்புறம் நம் ஊருக்கே உரிய அந்தக் குரல் பின்னாலிருந்து கிளம்பியது: "ஆபரேட்டர், சவுண்டு!" ஒரு விசில். இன்னொரு விசில். "கரண்டு போச்சாப்பா?" "படம் ஓடுதே, கரண்டு எப்டிப் போவும்?" இத்தனை பேர் முன்னால் ஓட்டையைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. என் வலது கை மடியை விட்டு எழுந்துவிட்டது. அந்த மெட்டின் முதல் கட்டைக்குமேல் போய் நின்றது.

மண்டபத்தின் நடுவில் புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். கத்தவும் முடியாது. கையைத் தலைக்குமேல் உயர்த்தி, ஆள்காட்டி விரலை நீட்டி, வேண்டாம் வேண்டாம் என்று வேகமாக ஆட்டினான்.

கல்யாண மண்டபத்தில் ஒருத்தர் கையை உயர்த்தி விரலை ஆட்டினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். படத்தில் லயித்து வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த மைக் செட்காரரின் கண்ணில் அந்த விரல் பட்டது. அவர் யோசிக்கவில்லை. அவர் கை தானாகப் போய் சிடி பிளேயரை அழுத்தியது.

நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து கெட்டிமேளம் மண்டபத்தையே தூக்கியது. அதிலும் வேடிக்கை, ஜனமும் யோசிக்கவில்லை. பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு அம்மாள் கையிலிருந்த பாப்கார்னை அள்ளி அட்சதையாகத் திரையைப் பார்த்து வீசிவிட்டார். பின்னாலேயே இன்னும் நாலு பேர் வீசினார்கள். திரையில் நாத்தனார் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தாள். அவள் மேலும் அழுகிறவள் மேலும் பாப்கார்ன் பொழிந்தது. அதற்கப்புறம்தான் யாரோ முதலில் சிரித்தார்கள், அப்புறம் மண்டபம் முழுக்க உருண்டு புரண்டு சிரித்தது.

என் மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்பா மடியிலிருந்து சறுக்கி இறங்கி ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். உடம்பு நடுங்கியது. அப்போதும் சத்தம் இல்லை.

அண்ணன் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டு மைக் செட் மேசைக்கு ஓடிவந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "யோவ், என்னாய்யா பண்ணுன? படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

"சார், நீங்கதான வெரல ஆட்டுனீங்க? வெரல ஆட்டுனா போடறதுதான எங்க பொழப்பு."

"தாலியாய்யா கட்டுறாங்க அங்க? பொம்பள அழுவுறாய்யா!"

"அழுவுற சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் சார் கெட்டிமேளமே போடறது" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "அந்த நேரத்துல ஒருத்தர் தும்முவாங்க, ஒருத்தர் அழுவாங்க, ஏதாச்சும் ஒரு பேச்சு பேசுவாங்க. எதுவும் காதுல வுழக் கூடாதுல்ல? என்னா இருந்தாலும் அமுக்கிடணும்."

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அவர் சொன்னது அவர் தொழிலைப் பற்றி. ஆனால் அது என் தொழிலும்தான். என் மகளின் முதுகில் என் விரல்கள் அப்போதும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. சமாதானப்படுத்துவதாக நினைப்பு. அவள் நடுக்கத்தின் மேல் தட்டிக்கொண்டிருக்கிறேன். விரல்களை நிறுத்தினேன். நிறுத்துவது சுலபமாக இல்லை.

அண்ணன் மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான், மேசைக் காட்சியை மட்டும் திரும்பப் போடுவதாகச் சொன்னான். சிரித்து ஓய்ந்த ஜனம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்தது. பாப்கார்னும் தீர்ந்திருந்தது. விளக்கு அணைந்தது.

மறுபடி அந்த மேசை, உருளைக்கிழங்கு, அழுகை. மகள் என் மடியில் இருந்தாள். என் இரண்டு கையும் அவள் மேல் சும்மா கிடந்தன. இந்தத் தடவை யாரும் விசில் அடிக்கவில்லை. வெளியே தூறல் தகரக் கூரையில் விழுவது கேட்டது. முன்வரிசையில் யாருடையதோ மூச்சு கேட்டது. ஜெனரேட்டர்கூட ஓடவில்லை. இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு அமைதியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இருந்தேன்.

அப்போது அது கேட்டது. கொசு மாதிரி ரொம்பச் சின்னச் சத்தம். எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. ஏறி, ஏறி, இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறியது. அது என் மெட்டு. நான் திருட்டுத்தனமாகப் போட்டு, யாருக்கும் வாசித்துக்காட்டாத மெட்டு. குனிந்து பார்த்தேன். திரையின் வெளிச்சத்தில் என் மகளின் வாய், எதையோ மெல்லுகிற மாதிரி, அசைந்துகொண்டிருந்தது.

அவள் பாடிக்கொண்டிருந்தாள். இந்த இடத்துக்கு இந்த மெட்டு என்று அவளுக்குத் தெரியும். அம்மா வாசிக்கவில்லை, அதனால் அவள். எத்தனை மாதமாகப் பாடுகிறாள்? ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் மென்றதெல்லாம் இதுதானா? ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் விரலை விட்டுத் தேடினேனே!

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். புரொஜெக்டர் பக்கத்தில் அண்ணனின் நிழல் அசைந்தது. அவனுக்கும் ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது, எதுவென்று தெரியவில்லை. யாரது, சும்மா இரு என்று சொல்ல அவன் கை தலைக்குமேல் எழுந்தது. விரல் நீண்டது. நான் மைக் செட் பக்கம் திரும்பினேன். அவர் கை சிடி பிளேயரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கத்தினால் அவள் நிறுத்திவிடுவாள். எழுந்து ஓடினாலும் நிறுத்திவிடுவாள். வாழ்நாளெல்லாம் சத்தத்தை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சமாளித்தவளுக்குச் சத்தம் உதவாத நேரம் அது. என் இரண்டு கையையும் மகளின் மேலிருந்து எடுத்தேன். அவர் கண்ணில் படும்படி உயர்த்தி விரித்துக் காட்டினேன். பிறகு மெதுவாகக் கொண்டுவந்து என் முழங்கால்களின் மேல் வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். மடியில் இருந்தவளைப் பார்த்தார். காதிலிருந்த பஞ்சை ஒரு கையால் எடுத்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அவரும் இரண்டு கையையும் தன் முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டார்.

திரையில் விளக்கு எப்போது நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.